பதினான்காவது கல்

எழுபதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் என்னைவிடக் கறாரான ஆள் கிடையாது. நானே இப்படிச் சொல்லிக்கொள்ளலாமா என்றால், சொல்லிக்கொண்டுதான் திரிந்தேன். மண்ணூர்பேட்டை ஓரமாக, மோட்டார் வண்டிகளுக்கு வேண்டிய பின், புஷ் மாதிரியான சின்ன இரும்புச் சாமான்கள் செய்து கொடுக்கிற ஒரு தொழிற்சாலையில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. லேத் என்கிற கடைசல் இயந்திரத்தில் கடைந்து வருகிற ஒவ்வொரு உருப்படியையும் மைக்ரோமீட்டரில் பிடித்து அளந்து பார்ப்பேன். சரியாக இருந்தால் ஒரு பெட்டி. இல்லையென்றால் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்து இன்னொரு பெட்டி. மயிரிழை கூடினாலும் சிவப்பு, குறைந்தாலும் சிவப்பு. கெஞ்சினவர்கள் உண்டு, முறைத்தவர்கள் உண்டு, மத்தியானம் கேன்டீனில் என் பக்கத்தில் உட்காராமல் தட்டைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. நான் அசைந்து கொடுத்ததில்லை.

என்னிடம் அதிகமாகச் சிவப்புக் கோடு வாங்கியவன் ஒரு டர்னர், லேத் ஓட்டுகிறவன். மண்ணூர்பேட்டைக்காரன். அவன் அப்பா கூலிக்கு நாற்று நட்ட நிலத்தில்தான் இப்போது அவனுடைய லேத் நிற்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்வான். கெட்டிக்கார வேலைக்காரன், ஆனால் அவசரக்காரன். ஒருமுறை வரைபடத்தில் அளவு மில்லிமீட்டரில் இருந்தது. அவனுடைய பழைய லேத்தின் டயல் அங்குலக் கணக்கு. அவசரத்தில் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொண்டு ஒரு பெட்டி புஷ்ஷையும் வீணாக்கிவிட்டான். வேலைக் கூடத்தை ஷாப் என்போம், அந்த ஷாப் நடுவில் அவனை நிற்க வைத்து, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, அங்குலத்துக்கும் மில்லிமீட்டருக்கும் வித்தியாசம் தெரியாதவன் இரும்பைத் தொடக்கூடாது என்று சொன்னேன். அவன் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம், நான் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தேன் என்பது தெரியவேண்டும் என்பதுதான்.

அப்போது எனக்கு முப்பது வயது, கல்யாணமாகி ஒன்றரை வருஷம். மேனாம்பேட்டில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தவன், கல்யாணத்துக்குப் பிறகு திருமுல்லைவாயிலில் ஒரு அறையும் சமையற்கட்டுமாக வாடகைக்கு வந்துவிட்டேன். ஓட்டம் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. எஸ்டேட் தொழிற்சாலைகளுக்கு இடையே நடந்த ஐந்து மைல் ஓட்டத்தில் முதலாவதாக வந்து ஒரு டிபன் கேரியர் வாங்கியிருந்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த மாதமே நோட்டீஸ் போர்டில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். பூந்தமல்லியில் தொடங்கி, டிரங்க் ரோட்டில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிப் போய், மறுபடியும் பூந்தமல்லிக்கே வந்து முடிகிற மராத்தான். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். ஐந்து மணி நேரத்துக்குள் முடிக்கிறவர்களுக்குச் சான்றிதழ். தூரம் இருபத்தாறு மைல், முன்னூற்று எண்பத்தைந்து கெஜம்.

அந்த கெஜக் கணக்கில்தான் நான் மயங்கினேன். இருபத்தாறு மைல் என்று முழுசாக விட்டுவிடாமல் அதற்குமேல் கெஜத்தையும் இழுத்துப் பிடித்து எழுதிய புண்ணியவான் எவனோ, அவன் நம்ம ஆள் என்று தோன்றியது. அன்று சாயங்காலமே பெயர் கொடுத்துவிட்டேன். எட்டு வாரம் இருந்தது.

பயிற்சிக்குத் தோதான இடம் திருவள்ளூர் போகிற ரோடு. எங்கள் வீட்டுத் தெரு அந்த ரோட்டில் போய்ச் சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் மேற்கே ஒரு கல் நட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் தூரத்தை மைல் என்று யாரும் சொல்லமாட்டார்கள், கல் என்றுதான் சொல்வார்கள். ஆவடிக்கு எத்தனை கல், பூந்தமல்லிக்கு எத்தனை கல் என்று கேட்பார்கள். ரோட்டோரம் நட்ட ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்வரைக்கும் ஒரு கல் தூரம். நடக்கப் பழகிய நாளிலிருந்து தெரிந்த கணக்கு. இருபத்தாறு மைல் என்றால் இருபத்தாறு கல். பதின்மூன்று கல் போய், பதின்மூன்று கல் திரும்பிவந்தால் முடிந்தது.

அப்படி ஏனோதானோ என்று விட்டுவிட நான் யார். முதல் கல் பூஜ்யம் என்பதால், பதின்மூன்று கல் தூரம் போக வேண்டுமானால் பதினான்காவது கல்லைத் தொட வேண்டும் என்று என் மனைவிக்கு விளக்கினேன். மிச்சமுள்ள முன்னூற்று எண்பத்தைந்து கெஜத்தில் பாதி, அதாவது நூற்றுத் தொண்ணூற்றிரண்டரை கெஜம், முதல் கல்லுக்கு முன்னாலேயே ஓடிவிட வேண்டும். அந்த அரை கெஜத்தை விடாமல் பிடிப்பதற்காகத் தொழிற்சாலையிலிருந்து ஸ்டீல் டேப்பைக் கேட்டு வாங்கிவந்து, ஒரு விடியற்காலையில் ரோட்டில் குனிந்து குனிந்து அளந்தோம். டேப்பின் மறுமுனையைப் பிடித்தவள் அவள்தான். அளந்து முடித்த இடத்தில் ஓர் ஆணி அடித்தேன். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, மனையை யார் வாங்கியிருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

என் மனைவி ஆவடிப் பெண். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்ததால் சைக்கிள் ஓட்டுவது அவளுக்குச் சாதாரணம். ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை காலை அஞ்சு மணிக்கு நான் ஆணியிலிருந்து புறப்பட்டால், அவள் சைக்கிளில் கூடவே வருவாள். கேரியரில் ஒரு பை. அதில் தண்ணீர் பாட்டில், வாழைப்பழம், காகிதத்தில் மடித்த குளுகோஸ். அவளுக்கு இரண்டு வேலை. கல்லை எண்ணுவது ஒன்று, கைக்கடிகாரத்தைப் பார்ப்பது இன்னொன்று. எட்டரைப் பூசைக்கு இரண்டு பேரும் குளித்து முடித்து மாதா கோவிலில் இருந்தாக வேண்டும் என்பது அவளுடைய சட்டம். ஆகவே நேரத்தில் ஒரு நிமிஷப் பிசகு கிடையாது.

முதல் வாரம் நாலு கல் போய்த் திரும்பினோம். பிறகு ஆறு, எட்டு. வழியெல்லாம் வேடிக்கைதான். டீக்கடைகளில் உட்கார்ந்திருந்தவர்கள், இன்னா நைனா, யாராச்சும் தொரத்துறாங்களா என்று கேட்பார்கள். பட்டாபிராம் நாய்களுக்கு என்மேல் தனிப் பிரியம். ஒரு நாள் ஆவடியில், இருட்டு முழுசாகப் பிரியாத நேரத்தில், ஒரு போலீஸ்காரர் லத்தியைக் குறுக்கே நீட்டி என்னை நிறுத்திவிட்டார். பின்னால் ஒரு பெண்பிள்ளை சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க மிதித்து வருவதையும், முன்னால் ஒருத்தன் அரை டிராயரோடு ஓடுவதையும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அவள் வந்து சேர்ந்ததும், இன்னாம்மா தூக்கிக்கினு ஓடுறான் என்று கேட்டார். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே, அவரு எங்க ஊட்டுக்காரருங்க என்றாள். போலீஸ்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். புருஷனை ஏன் துரத்துகிறாய் என்று கேட்க நினைத்தாரோ என்னவோ, லத்தியை எடுத்துக்கொண்டார்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாகப் பதினான்காவது கல்லைத் தொட்டேன். அது திருநின்றவூரைத் தாண்டி, ஒரு புளியமரத்துக்கு அடியில் இருந்தது. தொடுவது என்றால் நிஜமாகவே குனிந்து கையை வைத்துத் தொடுவேன், பக்கத்தில் வந்து திரும்பிவிடுவது என்ற பேச்சே கிடையாது. மறுபடி ஆணிக்கு வந்து சேர்ந்தபோது, புறப்பட்டு இரண்டு மணி இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது. அடுத்த வாரம் இரண்டு மணி பதினெட்டு நிமிஷம்.

திருநின்றவூர் இவ்வளவு தூரமா, ரயிலில் ஏறி உட்கார்வதற்குள் வந்துவிடுகிறதே என்று என் மனைவி அன்றைக்கே கேட்டாள். ரயில் வேகமாகப் போகும் என்று பதில் சொன்னேன். இன்றைக்கும் அந்தப் பதிலை நினைத்தால் எனக்கே கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

திங்கட்கிழமை கேன்டீனில், யாரும் கேட்காமலேயே, இரண்டு மணி பதினெட்டு நிமிஷத்தைப் பற்றிச் சொல்லி வைத்தேன். டர்னர் அப்போது எதிர்ப் பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தை எழுத்துவிடாமல் படிக்கிறவன் அவன். சோற்றுக் கையோடு என்னை நிமிர்ந்து பார்த்தான். ஒலிம்பிக்கில் தங்கம் வாங்குகிறவர்களே ரெண்டே கால் மணி நேரத்தை ஒட்டித்தான் வருகிறார்கள் என்றான். முதலில் யாரும் நம்பவில்லை. பாதி தூரம் சைக்கிள்ல போயிருப்பாரு என்று ஒருத்தன் சிரித்தான். அப்போது டர்னர்தான் எழுந்து எனக்காகப் பேசினான்.

"சிரிக்காத. அந்தாளு அளந்தா தப்பாது. நம்ம சரக்குல நூல் அளவு உடாதவரு, ரோட்ட தப்பா அளப்பாரா?"

அதற்குப் பிறகு யாரும் சந்தேகப்படவில்லை. என்னுடைய கறார் என்னைச் சுற்றி ஒரு சுவர் மாதிரி நின்றுகொண்டது. இரண்டே நாளில் கதை பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டது. ஒர்க்ஸ் மேனேஜர் கூப்பிட்டனுப்பிக் கையைக் குலுக்கி, ஓட்டத்தன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு வர வேன் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். கேன்டீனில் எனக்குத் தினமும் ஒரு முட்டை அதிகம் வைத்தார்கள். ஆட்டுக்கால் சூப் குடிக்கச் சொன்னான் ஒருத்தன், காலில் விளக்கெண்ணெய் தடவச் சொன்னான் இன்னொருத்தன். தட்டைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் எல்லாம் தட்டைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பொய் சொல்வானேன், எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. லேத்திலிருந்து ஓர் உருப்படி அவ்வளவு பிரமாதமாக வந்திருந்தால் சந்தேகப்பட்டு இரண்டாவது தரம் அளந்திருப்பேன். இதை அளக்கவில்லை.

ஓட்டத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்த ஞாயிற்றுக்கிழமை. திருநின்றவூரைத் தாண்டி வந்து வழக்கம்போல் குனிந்து கல்லில் கையை வைத்தேன். கை மஞ்சளாக வந்தது.

"தொடாத நைனா, தொடாத! இப்பத்தான அடிச்சேன்." புளியமரத்துக்குப் பின்னாலிருந்து டப்பாவும் பிரஷ்ஷுமாக ஓர் ஆள் வந்தார். ரோடு வேலை பார்க்கிறவர், கல்லுக்கெல்லாம் வர்ணம் அடித்துக்கொண்டு வந்திருக்கிறார். "அத்தினி எடம் கெடக்குது, கல்லத்தான் தொடணுமா?"

நான் கையைத் துடைத்துக்கொண்டே, மன்னிப்பும் பெருமையும் கலந்த ஒரு குரலில், மராத்தான் பயிற்சி, பதின்மூன்று மைல் வந்தாயிற்று, இந்தக் கல்லைத் தொட்டால்தான் இருபத்தாறு மைல் கணக்குச் சரியாகும் என்றேன். அவர் டப்பாவைக் கீழே வைத்தார்.

"மைலா? இன்னா மைலு? மைல் கல்ல எல்லாம் புடுங்கிப் போட்டு எத்தினி நாளாவுது. இது கிலோமீட்டர் கல்லு நைனா. நாந்தான் நட்டேன்."

என் மனைவி சைக்கிளிலிருந்து இறங்கினாள். நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கல்லை முதல் தடவையாகப் படித்தோம். ஐந்து ஞாயிற்றுக்கிழமையாக வழிக் கல்லையெல்லாம் எண்ணியிருக்கிறோம், தொட்டிருக்கிறோம், ஒரு நாளும் படித்ததில்லை. கிழிந்த போஸ்டரையும் புழுதியையும் சுரண்டிவிட்டுப் புதிதாக அடித்த வெள்ளையில், ஊர்ப் பெயருக்குக் கீழே, எண்ணுக்குப் பக்கத்தில், கி.மீ. என்று கறுப்பில் பளிச்சென்று இருந்தது. கல் மாறிவிட்டது, எங்கள் வாயில் கல் என்ற சொல் மட்டும் மாறவில்லை.

கணக்குப் போட எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இருபத்தாறு மைல் என்று நான் ஓடிக்கொண்டிருந்தது பதினாறு மைல் சொச்சம். ஏறக்குறைய பத்து மைல் குறைச்சல். அதில் அரை கெஜத்தை விடக்கூடாது என்று ஸ்டீல் டேப் பிடித்திருக்கிறேன்.

அன்றைக்குத் திரும்பி வந்தது எப்படி என்று நினைவில்லை. பூசையில் முழங்காலில் நின்றபோது பக்கத்துப் பெண்கள் வரிசையில் என் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்குவது தெரிந்தது. அன்று பிரசங்கம் பாவத்தைக் கண்டித்து இருந்ததால் பலரும் அவள் அழுகிறாள் என்று நினைத்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை தொழிற்சாலைக்குப் போய் என்ன சொல்வது என்பதே என் கவலை. அங்குலத்துக்கும் மில்லிமீட்டருக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று நான் ஒருத்தனை ஷாப் நடுவில் நிறுத்திக் கேட்டது எல்லாருக்கும் நினைவிருக்கும். நாளைக்கு நான் போட்ட சிவப்புக் கோட்டை எவன் மதிப்பான்?

சொல்லிவிடுங்கள் என்றாள் மனைவி. சொல்லவில்லை. ஒரே ஒரு வழிதான் எனக்குத் தெரிந்தது. நிஜமான இருபத்தாறு மைலை எப்படியாவது ஓடி முடித்துவிட்டால், நேரம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது, வெயில், வயிற்றுவலி என்று ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். முடிக்காமல் நடுரோட்டில் உட்கார்ந்தால்தான் மானம் போகும். அந்த வாரம் முழுதும் முட்டையைத் தின்றுகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். 

ஓட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசைக்குப் பதில் சாயங்காலப் பூசைக்குப் போக மனைவியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு நாலு மணிக்கே புறப்பட்டோம். பதினான்காவது கல்லைத் தாண்டி இன்னும் ஐந்து கல் போய்த் திரும்பினேன். போகும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பி ஆவடிக்குள் நுழையும்போது இரண்டு கெண்டைக்காலும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டன. ரோட்டோரத்தில் உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. என் மனைவி கேரியரிலிருந்து பையை எடுத்து ஹேண்டில்பாரில் மாட்டினாள். ஏறுங்க என்றாள். ஆவடி பஜாரில், காலை எட்டு மணிக்கு, பொண்டாட்டி சைக்கிளை மிதிக்க, ஒலிம்பிக் வீரர் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போனார். பார்த்தவர்கள் எல்லாரும் வழிவிட்டு நின்றார்கள்.

திருமுல்லைவாயிலில் கறிக்கடையைத் தாண்டும்போது வரிசையில் டர்னர் நின்றுகொண்டிருந்தான். அக்காள் வீட்டுக்கு வந்தவன், கறி வாங்க நின்றிருக்கிறான். எங்களைப் பார்த்துவிட்டான். என் மனைவியும் அவனைப் பார்த்தாள். அவள் நினைத்திருந்தால் அழுத்தி மிதித்துக் கடந்துபோயிருக்கலாம். பிரேக்கைப் பிடித்தாள். இறங்குங்க, இப்பவே சொல்லிடுங்க என்று காதருகே சொல்லிவிட்டு, வெங்காயம் வாங்குகிற சாக்கில் தள்ளிப் போய்விட்டாள்.

நொண்டிக்கொண்டே போய் அவன் முன்னால் நின்றேன். சுற்றி வளைக்கவில்லை.

"நான் அளந்தது தப்பு. அது மைல் இல்ல. கிலோமீட்டர்."

அவன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. எத்தனை குறைச்சல் என்று மட்டும் கேட்டான். பத்து மைல் என்றேன். விரலை மடக்கி அவனும் ஒரு தரம் கணக்குப் பார்த்துக்கொண்டான். பிறகு ஆரம்பித்தான் சிரிக்க. சுவரில் சாய்ந்து சிரித்தான், உட்கார்ந்து சிரித்தான், வரிசையில் அவன் முறை வந்து போயிற்று, பின்னால் நின்றவர்கள் அவனைத் தாண்டிப் போனார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன் அண்ணாத்தே. ஆனா நீ சொல்லணும். ஷாப் நடுவுல நின்னு சொல்லணும்."

 அந்த 'ஷாப் நடுவுல' என்பதற்கு அவன் கொடுத்த அழுத்தம் எனக்குப் புரிந்தது. நியாயம் என்றும் பட்டது.

திங்கட்கிழமை காலை ஷிப்ட் தொடங்கும் முன், அவனை நிறுத்திக் கேட்ட அதே இடத்தில் போய் நின்று எல்லாரிடமும் சொன்னேன். கல்லைப் பற்றி, மஞ்சள் பெயிண்ட்டைப் பற்றி, ஆணியைப் பற்றிக்கூடச் சொன்னேன். அன்று அவனிடம் பேசியது அதிகம் என்றும் சொன்னேன்.  பிறகு கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. மத்தியானத்துக்குள் எனக்கு 'கிலோமீட்டர்' என்று பெயர் வைத்தாயிற்று. நான் ரிட்டயர் ஆகும்வரைக்கும் அந்தப் பெயர் என்னைவிட்டுப் போகவில்லை. அதிகப்படி முட்டை அன்றோடு நின்றது. மேனேஜர் வேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், சிவப்புக் கோடு போட்ட உருப்படியை அன்றைக்கு நீட்டியபோது யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அண்ணாத்தே, இது மைலா கிலோமீட்டரா என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஆனாலும் ஓடப்போவதில்லையா என்று ஒருத்தன் கேட்டபோது எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓடுவேன் என்றேன். முடிப்பியா என்று டர்னர் கேட்டான். முழுசா முடிப்பேன் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியாது. என் வாழ்க்கையில் நான் ஓடிய அதிகபட்ச தூரம் ஆவடியில் உட்கார்ந்த இடத்தோடு சரி. ஆனால் இப்போது தப்பித்துக்கொள்ள வயிற்றுவலியும் இல்லை, வெயிலும் இல்லை. தப்பாக அளந்தவன் என்ற பெயரை வாங்கிக்கொண்டுவிட்டேன். சொன்னதைச் செய்யாதவன் என்ற பெயரும் சேர்ந்தால் மைக்ரோமீட்டரைக் கையில் எடுக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும்.

ஓட்டத்தன்று விடியற்காலை பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்திலிருந்து எங்களை ஓடவிட்டார்கள். மைதானத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, கேட்டுக்கு வெளியே போய், டிரங்க் ரோட்டில் மேற்கே ஓட வேண்டும். திரும்பி வந்ததும் அதேபோல் ஒரு சுற்று. ராணுவ ஆட்களும் காலேஜ் பையன்களும் முதல் பத்து நிமிஷத்திலேயே கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். என் மனைவி சைக்கிளில் வந்தாள். திருமழிசை தாண்டும்போது பின்னால் மணிச் சத்தம் கேட்டுத் திரும்பினால், டர்னரும் இன்னும் இரண்டு லேத்காரர்களும் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள். வேன் இல்லாவிட்டால் என்ன, நமக்குக் கால் இல்லையா என்றான். எனக்கு அவர்களைப் பார்த்ததும் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இனி நடுவில் உட்கார முடியாது.

ஸ்ரீபெரும்புதூர்வரைக்கும் நன்றாகவே ஓடினேன். ஒவ்வொரு கல் வரும்போதும் என் மனைவி கி.மீ. என்பதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். அன்று அவளுக்கு ஒரே குஷி. திரும்பி வரும் வழியில் வெயில் ஏறியது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரை தெரிகிற இடத்தில், எதிர்பார்த்தபடியே, கெண்டைக்கால் இரண்டும் பிடித்துக்கொண்டன. நின்றேன். என் மனைவி இறங்கி வந்து காலை நீவிவிட்டாள். சுடிதார், பேண்ட் எல்லாம் இல்லாத காலம், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுரோட்டில் மண்டி போட்டு நீவினாள். அமைப்பாளர்களின் ஜீப் வந்து நின்றது, ஏறிக்கொள்ளச் சொன்னார்கள். டர்னர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.  நான் நடக்க ஆரம்பித்தேன்.

நடந்தேன், நாலு எட்டு ஓடினேன், மறுபடி நடந்தேன். பிறகு டர்னர் பேச ஆரம்பித்தான். பேப்பரில் படித்த விளையாட்டுக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டே பக்கத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். நடுநடுவே இன்னும் எத்தனை அங்குலம் இருக்கிறது என்று கேட்டு மற்ற இரண்டு பேரையும் சிரிக்க வைத்தான். நான் அவனைத் திட்டினேன். திட்டினால் கால்வலி தெரியவில்லை என்று கண்டுபிடித்து, திருமழிசைவரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன்.

பூந்தமல்லி மைதானத்தின் கேட்டுக்கு வந்தபோது ஐந்து மணி நேரம் ஆக இன்னும் ஒன்பது நிமிஷம் இருந்தது. உள்ளே பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மைதானத்தில் உள்ளூர்ப் பையன்கள் கால்பந்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். கேட் ஓரமாக ஒரு நாற்காலி போட்டு அமைப்பாளர் ஒருவர் மட்டும் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கையை உயர்த்தினார். நல்ல மனுஷன். போதும் தம்பி, உள்ளே ஆட்டம் நடக்கிறது, கேட்வரைக்கும் வந்துவிட்டாய், முடித்ததாக எழுதிக்கொள்கிறேன், உட்கார் என்று நாற்காலியையும் என் பக்கம் தள்ளினார்.

அந்த நாற்காலியை நான் பார்த்த பார்வையை வேறு எதையும் பார்த்ததில்லை. கால் இரண்டும் என்னுடையவையாகவே இல்லை. ஒரு சுற்றுத்தான். எழுதிவிடுகிறேன் என்று அவரே சொல்கிறார். யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை.

நோட்டை மூடுங்க சார், இன்னும் ஒரு சுற்று பாக்கி கீது என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்கும் புரியவில்லை. பரவாயில்லை, பரவாயில்லை என்று பேனாவை எடுத்தார். அப்போது டர்னர் சைக்கிளை மதில்மேல் சாய்த்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றான்.

"எழுதாதீங்க சார். அந்தாளு ஒத்துக்கமாட்டாரு. எங்களுக்கே ஒரு நாளும் உட்டதில்ல, தனக்கா உடப்போறாரு?"

கேலியாகத்தான் சொன்னான். ஆனால் அவன் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. நான் கேட்டுக்குள் நுழைந்தேன். ஆட்டம் நிற்கவில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால், கோட்டுக்கு வெளியே, மூலையை வெட்டாமல் சுற்றி ஓடினேன். ஓட்டம் என்று அதைச் சொல்லலாமோ தெரியாது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மூன்று லேத்காரர்களும் ஓடி வந்தார்கள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என் மனைவியும் ஓடி வந்தாள். ஒரு தடவை பந்து எங்களுக்கு நடுவில் வந்து விழுந்தது, கோல்கீப்பர் எங்களைத் திட்டினான்.

சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்துபோயிருந்தது. எது கோடு என்று குனிந்து தேடிப் பார்த்து, தாண்டிவிட்டுத்தான் நின்றேன். அமைப்பாளர் கோட்டருகே வந்து நேரத்தை எழுதிக்கொண்டார், ஐந்து மணி நேரம் ஆகியிருக்கவில்லை. டர்னர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, என் முகத்துக்கு நேரே குனிந்தான்.

"இப்ப சரியா கீதா அண்ணாத்தே?"

சரியா கீது என்றேன்.  அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, பையன்கள் எல்லாம் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கும்படி, வாய்விட்டு அழுதேன்.